ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தக் கற்றுக்கொள்வது: எதை முதலில் படிப்பது, படித்ததை என்ன செய்வது

லேபில் நன்றாக வேலை செய்கிறவர் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெரும்பாலும் ஒருவர் கையில் ஆராய்ச்சித் திட்டத்தின் பொறுப்பு வந்து சேர்கிறது. வந்த மறுநாளிலிருந்து அவர் செய்ய வேண்டியதெல்லாம் வேறு வேலை. ஆறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். எப்போது முடியும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முடிவு வராத சோதனைக்கு இன்னும் எவ்வளவு பணமும் காலமும் கொடுக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் புத்தகங்களைத் தேடிப் போகிறோம். அங்கே மேலாண்மை என்ற பெயரில் ஒரு அலமாரியே நிற்கிறது. எதில் தொடங்குவது?

இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக. புத்தகங்களை அவை வெளிவந்த ஆண்டு வரிசையிலோ புகழ் வரிசையிலோ அடுக்கவில்லை. ஒரு திட்டத்தில் சிக்கல்கள் எந்த வரிசையில் தலைதூக்குமோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: படித்ததில் ஒரு விஷயத்தையாவது கையில் இருக்கும் திட்டத்தில் செய்து பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். நீச்சலைப் போல இதுவும் தண்ணீரில் இறங்கினால்தான் வரும்.

முதல் படி: எது ஆராய்ச்சி, எது வேலை என்று பிரியுங்கள்

முதலில் எடுக்க வேண்டியது புத்தகம்கூட இல்லை, ஒரு கையேடு. 1963-ல் இத்தாலியின் ஃபிரஸ்காட்டி என்ற ஊரில் கூடிய நிபுணர்கள், ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் எவ்வளவு செலவாகிறது என்பதை நாடுகள் ஒரே முறையில் கணக்கிடுவதற்காக ஒரு வரையறையை உருவாக்கினார்கள். அதுதான் ஃபிரஸ்காட்டி கையேடு. பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி வெளியிடுகிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 2015 பதிப்பு போதும். முழுவதையும் படிக்க வேண்டாம். ஒரு வேலையை ஆராய்ச்சி என்று சொல்ல என்ன ஐந்து தன்மைகள் வேண்டும் என்று விளக்கும் பகுதியை மட்டும் படியுங்கள்: புதிதாக இருக்க வேண்டும், படைப்பாற்றல் வேண்டும், விளைவு நிச்சயமற்றதாக இருக்க வேண்டும், முறைப்படி நடக்க வேண்டும், கிடைத்ததைப் பிறரும் எடுத்துச் செய்யும்படி இருக்க வேண்டும்.

இவற்றில் மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். உங்கள் திட்டத்தின் வேலைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'தெரியும்' அல்லது 'தெரியாது' என்று எழுதுங்கள். கருவி வாங்குவது, அனுமதி பெறுவது, சர்க்யூட் போர்டு அச்சடிக்கக் கொடுப்பது எல்லாம் 'தெரியும்'. இவற்றுக்குத் தேதி போடலாம், தவறினால் ஏன் என்று கேட்கலாம். 'இந்த முறையில் அளந்தால் பிழை குறையுமா' என்பது 'தெரியாது'. அதற்குத் தேதி போட்டால் அது வெறும் ஆசை. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே மாதிரிக் கட்டங்களாக வரைவதில்தான் புதியவர்களின் பாதித் துன்பம் தொடங்குகிறது.

இரண்டாம் படி: ஒரு கதை, ஒரு கட்டுரைத் தொகுப்பு

அப்புறம், விதிகளைப் படிக்கும் முன் ஒரு திட்டத்தின் உள்ளே போய் வாருங்கள். டிரேசி கிட்டர் எழுதி 1981-ல் வந்த 'தி சோல் ஆஃப் எ நியூ மெஷின்' இதற்கு மிகப் பொருத்தம். டேட்டா ஜெனரல் என்ற கம்பெனியில் ஒரு டீம் புதிய கம்ப்யூட்டர் ஒன்றை அவசர அவசரமாக உருவாக்கியதை உடனிருந்து பார்த்து எழுதிய புத்தகம். 1982-ல் புலிட்சர் பரிசு பெற்றது. படிக்கும்போது டாம் வெஸ்ட் என்ற தலைவரைக் கவனியுங்கள். எதைத் தன் டீமிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் தானே சுமக்கிறார், மேலதிகாரிகளுக்கும் இளம் என்ஜினியர்களுக்கும் நடுவில் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இளைஞர்கள் உழைத்து ஓய்ந்துபோன விதம் மனத்தை வருத்துகிறது. அதையும் பார்த்து வைப்பது நல்லது, ஏனென்றால் நாளை அந்த முடிவுகளை எடுக்கப்போவது நீங்கள்.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' இருக்கிறது. பலரும் அதை ஊக்கம் தரும் வாழ்க்கை வரலாறாகவே படிக்கிறார்கள். எஸ்எல்வி-3 ராக்கெட் பற்றிய அத்தியாயங்களை மட்டும் ஒரு திட்ட மேலாளரின் கண்ணால் திரும்பப் படியுங்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் தோல்வியை எப்படி ஆராய்ந்தார்கள், அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் அந்தப் பழியைத் தன் தோளில் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதில் ஒரு தலைமைப் பாடமே இருக்கிறது.

கதைக்குப் பிறகு ஃபிரெடெரிக் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற மிகப் பெரிய மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்தியவர். அந்த அனுபவத்தை 1975-ல் 'தி மித்திக்கல் மேன்-மன்த்' என்ற தொகுப்பாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் பெயரிலேயே விதியாக நிற்கிறது. காரணம் எளிமையானது. புதிதாக வருபவருக்கு வேலை சொல்லிக் கொடுக்க, வேலை தெரிந்தவர்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பேச வேண்டிய ஜோடிகளின் எண்ணிக்கையும் எகிறுகிறது: ஐந்து பேர் இருந்தால் 10 ஜோடி, பத்துப் பேர் ஆனால் 45. உங்கள் திட்டம் மென்பொருளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'இன்னும் இரண்டு பேரைத் தருகிறோம், சீக்கிரம் முடியுங்கள்' என்று யாராவது பரிவோடு சொல்லும் நாள் வரும். அன்று என்ன பதில் சொல்வது என்பதற்காகவே இதைப் படிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஹைல்மையரின் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள்

இந்த முழுப் பட்டியலிலிருந்தும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். இது ஒரு பக்கம்கூட வராது.

ஜார்ஜ் ஹைல்மையர் எல்சிடி திரையின் முன்னோடிகளில் ஒருவர். 1975 முதல் 1977 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிகளுக்குப் பணம் தரும் தார்ப்பா அமைப்புக்கு இயக்குநராக இருந்தார். பணம் கேட்டு வரும் ஒவ்வொரு திட்டத்திடமும் அவர் வைத்த கேள்விகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. என்ன செய்யப் பார்க்கிறீர்கள், துறைச் சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்லுங்கள். இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அதில் என்ன குறை? உங்கள் வழியில் புதிது என்ன, அது ஏன் வெற்றி பெறும் என்று நினைக்கிறீர்கள்? வெற்றி பெற்றால் யாருக்கு என்ன பயன்? என்னென்ன ரிஸ்க்? எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் எடுக்கும்? நடுவிலும் கடைசியிலும் வெற்றியை எதை வைத்துச் சோதிப்பீர்கள்?

படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். எழுத உட்கார்ந்தால் தெரியும். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கும் உணரி ஒன்றை ஒரு டீம் உருவாக்கப் போகிறது. முதல் கேள்விக்கு அவர்கள் எழுதும் முதல் பதில் இப்படி இருக்கும்: 'அதிநவீனத் தொழில்நுட்பத்தின் அடிப்படையில் உயர் துல்லியம் கொண்ட, குறைந்த செலவிலான ஒருங்கிணைந்த ஈர உணரித் தீர்வு.' இதைப் படித்து யாரும் எதையும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத வாக்கியத்தில் தகவலும் இருக்காது.

திருத்தி எழுதினால்: 'இப்போது விற்கும் மலிவான உணரிகள் உப்பு கலந்த மண்ணில் தவறான அளவைக் காட்டுகின்றன. உப்பு இருந்தாலும் சரியாகக் காட்டும் உணரி வேண்டும்.' இப்போது எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கலாம். எவ்வளவு உப்பு? எவ்வளவு தவறு? இரண்டாம் கேள்விக்கான பதில்: மலிவு உணரிகள் குறைந்த அதிர்வெண் கொண்ட மின் சமிக்ஞையை மண்ணில் செலுத்தி அளக்கின்றன. அந்த அதிர்வெண்ணில் உப்பு நீரின் மின் கடத்துதிறன் அளவீட்டில் புகுந்து குழப்புகிறது. மூன்றாம் கேள்வி: அதிர்வெண்ணைக் கூட்டினால் அந்தக் குழப்பம் குறையும், ஆனால் அதற்கான மின்சுற்று விலை கூடும். ஆக, உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. 'விலை கட்டுப்படியாகும் அளவுக்குள் அதிர்வெண்ணை எவ்வளவு கூட்டலாம், அந்த இடத்தில் பிழை போதுமான அளவு குறைகிறதா?' முதல் பதிலில் இது எங்குமே இல்லை.

கடைசிக் கேள்வியை, அதாவது எதை வைத்துச் சோதிப்பது என்பதை, பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'துல்லியம் மேம்பட வேண்டும்' என்பது சோதனை இல்லை. எந்த மண், எத்தனை உப்பு அளவுகள், எந்த ஒப்பீட்டு முறை, பிழை எவ்வளவுக்குக் கீழே வந்தால் வெற்றி என்று சோதனை தொடங்கும் முன்பே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எல்லையை வரைந்தால், வந்த இடமே இலக்கு என்று ஆகிவிடும்.

நான்காம் படி: பெரிய சந்தேகத்தை முதலில் சோதியுங்கள்

அந்த உணரி டீமை விட்டுவிட வேண்டாம். அடுத்த மாதம் அவர்கள் லேபுக்குப் போனால் என்ன நடந்துகொண்டிருக்கும்? ஒருவர் மொபைல் ஆப் செய்துகொண்டிருப்பார். இன்னொருவர் தண்ணீர் புகாத பெட்டியை வடிவமைப்பார். இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம், ரிவ்யூ மீட்டிங்கில் காட்ட அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் 'தெரியும்' பட்டியலைச் சேர்ந்தவை. அதிர்வெண் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் ஆப்பும் பெட்டியும் வீண்.

முதலில் செய்ய வேண்டியது, ஒரு பாத்திரத்தில் மண், அளந்து கலந்த உப்பு நீர், லேபில் ஏற்கெனவே இருக்கும் அளவீட்டுக் கருவி, இவற்றை வைத்து வெவ்வேறு அதிர்வெண்களில் அளந்து பார்ப்பது. பெட்டி வேண்டாம், போர்டு வேண்டாம். திட்டத்தின் உயிர் எந்தக் கேள்வியில் தொங்குகிறதோ அதை மிக மலிவான வழியில் முதலில் கேட்டுவிட வேண்டும். மேலாளராக நீங்கள் செய்யப்போகும் வேலைகளில் இதற்கு நிகரான பலன் தருவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

இதற்குத் துணையாக நாசாவின் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலைப் படியுங்கள். 1970-களில் அங்கே பிறந்தது. இப்போது ஒன்பது நிலைகள். அடிப்படைத் தத்துவம் தெரிந்த நிலை 1, லேபில் சோதித்தது 4, பயன்படும் சூழலை ஒத்த இடத்தில் முன்மாதிரி ஓடியது 6, உண்மைப் பணியில் நிரூபணமானது 9. நாசாவின் சிஸ்டம்ஸ் என்ஜினியரிங் கையேட்டில் இது இருக்கிறது, அதுவும் இலவசம். ஒரு எச்சரிக்கை: திட்டம் முழுவதுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். ஆப் ஒன்பதாம் நிலையிலும் உணரி மூன்றாம் நிலையிலும் இருந்தால் உங்கள் திட்டம் மூன்றாம் நிலையில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: காலக் கணிப்பு

டேனியல் கானமன் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' (2011) பெரிய புத்தகம். முழுவதையும் இப்போதே படிக்க வேண்டியதில்லை. 'வெளிப்பார்வை' பற்றிய அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். பள்ளிகளுக்காக ஒரு பாடத்திட்டம் எழுதும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொன்னபோது எல்லோருடைய கணிப்பும் இரண்டு ஆண்டுகளை ஒட்டியே வந்தது. பிறகு குழுவிலிருந்த பாடத்திட்ட நிபுணரிடம், இதேபோன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டார்கள். சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின என்றார் அவர். அவருடைய சொந்தக் கணிப்பும் சற்று முன்புதான் இரண்டு ஆண்டுகளை ஒட்டி இருந்தது! வேலை எட்டு ஆண்டுகள் இழுத்தது.

செய்ய வேண்டியது: உங்கள் திட்டத்தின் வேலைகளைக் கூட்டிக் கணக்குப் போடும் முன், உங்கள் இடத்தில் முன்பு நடந்த இதேபோன்ற மூன்று நான்கு திட்டங்கள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன என்று கேட்டு எழுதுங்கள். கணிப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.

இதோடு கேரி கிளைன் 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய சிறு கட்டுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டம் தொடங்கும் முன் டீமை உட்கார வைத்து, 'இது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று எழுதுங்கள்' என்று கேட்கும் முறை அது. 'என்ன தவறு நடக்கலாம்' என்று கேட்டால் தயங்குகிறவர்கள், தோல்வி நடந்ததாகவே வைத்துக் கேட்டால் மனம் விட்டு எழுதுகிறார்கள். ஒரு மணி நேரம் போதும். பேசுவதற்கு முன் தனித்தனியாக எழுத வையுங்கள். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.

ஆறாம் படி: வரிசைகளைப் பாருங்கள்

டொனால்ட் ரைனர்ட்சனின் 'தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் ப்ராடக்ட் டெவலப்மென்ட் ஃப்ளோ' (2009) கடினமான புத்தகம், தொடக்கத்தில் படித்தால் மனம் ஒட்டாது. உங்கள் திட்டத்தில் எல்லோரும் மும்முரமாக இருந்தும் எதுவும் நகரவில்லை என்று தோன்றும் சமயத்தில் எடுங்கள். யாரும் சோம்பேறி இல்லை, வேலைகள் காத்துக் கிடக்கின்றன என்பது அப்போது புரியும்.

வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும் எளிய வரிசைக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு சோதனைக் கருவி அதன் நேரத்தில் 80 சதவீதம் பயன்பட்டால், ஒரு சோதனைக்கு ஆகும் நேரத்தைப் போல நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது. கருவியை முழுக்க முழுக்கப் பயன்படுத்துகிறோம் என்று பெருமைப்படும் லேபில் ஆராய்ச்சி ஏன் ஊர்கிறது என்பதற்கு விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. மனிதர்களுக்கும் இதே கணக்குத்தான். எல்லா வரைவுகளையும் ஒருவரே பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றால் அவர் மேசையில் காத்துக் கிடக்கும் நேரம்தான் உங்கள் திட்டத்தின் நீளம். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள், அதையும் கவனியுங்கள்.

ஏழாம் படி: எப்போது நிறுத்துவது

இது குறுகிய படி, ஆனால் மனத்துக்குக் கனமானது. ராபர்ட் கூப்பரின் 'வின்னிங் அட் நியூ ப்ராடக்ட்ஸ்' (முதல் பதிப்பு 1986) திட்டத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு இடையே வாயில் வைக்கும் முறையை விளக்குகிறது. ஒவ்வொரு வாயிலிலும் தொடரலாம், நிறுத்தலாம், தள்ளிப்போடலாம், திருத்தி வரச் சொல்லலாம். படிவங்களும் பட்டியல்களும் நிறைய இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுகோலில் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. ஒரு திட்டமும் நிறுத்தப்படாத வாயில் வெறும் சடங்காகிவிடும். நிறுத்தப்பட்ட திட்டத்தில் உழைத்தவர்களை மதிப்போடு அடுத்த வேலைக்கு அழைத்துச் செல்வதும் உங்கள் பொறுப்புதான். அவர்கள் கண்டுபிடித்த 'முடியாது' என்பதும் ஒரு முடிவு. அதை முறையாக எழுதிப் பதிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: தோல்வி அறிக்கைகள்

சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறியதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கையில், ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதிய பின்னிணைப்பு ஒன்று உண்டு. சில பக்கங்கள்தான், இலவசமாகக் கிடைக்கும். விண்கலம் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டபோது என்ஜினியர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவிலும், நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்ற அளவிலும் சொன்னதை அவர் காட்டுகிறார். ஒரே விண்கலம், ஒரே அமைப்பு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். முந்தைய பயணங்களில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதுவே பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்கிறார்.

இதைப் படித்ததும் கேட்க வேண்டிய கேள்வி: கெட்ட செய்தி என்னிடம் வந்து சேர எவ்வளவு நாளாகிறது? ஏமி எட்மன்சன் மருத்துவமனைக் குழுக்களில் செய்த ஆய்வு இங்கே கைகொடுக்கும். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. தவறைச் சொல்ல அந்தக் குழுக்களில் பயம் இல்லாததே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். ஆக, உங்கள் டீமில் ஒருவர் 'சோதனை தப்பாகிவிட்டது' என்று வந்து நின்றால், உங்கள் முகத்தில் முதலில் வருவது என்ன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தவர் வருவாரா என்பது தெரியும். முதலில் நன்றி சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம்.

படிக்கும் முறை

வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போதும். டீமில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நீங்கள் மட்டும் படித்துவிட்டு திடீரென்று புது முறையைக் கொண்டுவந்தால் அது மேலிருந்து வந்த உத்தரவாகவே தெரியும்.

கூடவே ஒரு முடிவுக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் நான்கு வரி. அந்த உணரித் திட்டத்தில் அது இப்படி இருக்கும்: 'முடிவு: போர்டு வடிவமைப்பைத் தள்ளிப்போட்டு, மண் பாத்திரச் சோதனையை முதலில் செய்கிறோம். காரணம்: அதிர்வெண் கேள்விக்கு விடை இல்லாமல் போர்டு வரைந்தால் திரும்ப வரைய நேரும். எதிர்பார்ப்பது: மூன்று உப்பு அளவுகளிலும் பிழை குறையும். திரும்பிப் பார்க்கும் நாள்: அடுத்த ரிவ்யூவுக்கு முந்தின வாரம்.' முடிவு நடந்த பிறகு நம் நினைவு நமக்குச் சாதகமாகவே மாறிவிடும். எழுதியது மாறாது. சில மாதங்கள் கழித்துப் புரட்டினால், எந்த மாதிரிக் கணிப்பில் நீங்கள் வழக்கமாகத் தவறுகிறீர்கள் என்று பிடிபடும். அடுத்து எந்தப் புத்தகத்தைத் தேட வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும்.

பிறகு படிக்கலாம் என்று சிலவற்றை ஒதுக்கி வையுங்கள். திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்கான தடித்த வழிகாட்டிகள் ஒப்பந்தம், கொள்முதல், பெரிய அட்டவணை என்று வரும்போது உதவும், இப்போது வேண்டாம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸின் வரலாறாக ஜான் கெர்ட்னர் எழுதிய 'தி ஐடியா ஃபேக்டரி' (2012) அருமையான புத்தகம்தான். ஆனால் அவ்வளவு பணமும் பொறுமையும் இருந்த இடத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே படித்தால் நம் லேபைப் பார்த்து ஏக்கம்தான் வரும். ஓர் ஆண்டு போகட்டும். ரிச்சர்ட் ஹாமிங் 1986-ல் ஆற்றிய 'யூ அண்ட் யுவர் ரிசர்ச்' உரையை மட்டும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், ஒரே அமர்வில் முடிந்துவிடும். உங்கள் துறையின் முக்கியமான கேள்விகள் எவை, அவற்றில் நீங்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் உடன் சாப்பிட்டவர்களைக் கேட்ட பகுதி வரும்போது, அதே இரண்டு கேள்விகளையும் உங்கள் திட்டத்துக்குக் கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.